உங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு என்னென்ன கிடைக்கிறது? குமரி மாவட்டத்தில் ஊர் ஊராக அளக்க ஒரு வழிகாட்டி

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் கன்னியாகுமரி மாவட்டத்தின் எழுத்தறிவு 91.75 சதவீதம். தமிழ்நாட்டிலேயே முதலிடம். இந்த எண்ணைச் சொல்லியே நம் மாவட்டத்துப் பிள்ளைகளைப் பற்றிய பேச்சு முடிந்துவிடுகிறது. நாகர்கோவில் நகருக்குள் இருக்கும் ஒரு தெருவும், பேச்சிப்பாறை அணைக்கு அப்பால் இருக்கும் காணிப் பழங்குடியினரின் குடியிருப்பும், கடலரிப்பில் வீடு போய்க்கொண்டிருக்கும் ஒரு கடற்கரை ஊரும் அந்த ஒரே எண்ணுக்குள்தான் கிடக்கின்றன. பிள்ளை வளர்வது மாவட்டத்தில் இல்லை, ஊரில். அதனால் ஊரைத்தான் அளக்க வேண்டும்.

அமெரிக்காவில் இதற்கென்றே ஒரு குறியீடு இருக்கிறது. குழந்தை வாய்ப்புக் குறியீடு என்று சொல்லலாம். 2014-ல் முதலில் வந்தது. 2020-ல் வந்த இரண்டாம் பதிப்பு 29 அளவைகளை வைத்து சுமார் 72,000 சிறு பகுதிகளைத் தரம் பிரித்தது. கல்வி, உடல்நலமும் சுற்றுச்சூழலும், சமூகமும் பொருளாதாரமும் என்று மூன்று தலைப்புகள். அங்கே சராசரியாக 4,000 பேர் வாழும் பகுதி வரை அரசுத் தரவு தயாராகக் கிடைக்கிறது. நமக்கு அப்படிக் கிடைக்காது. பாதியை அலுவலகங்களில் கேட்டு வாங்க வேண்டும், மீதியை நடந்து எடுக்க வேண்டும்.

நாங்கள் சிலர் சேர்ந்து இதைச் செய்து முடிப்பதற்குள் நிறைய அலைந்துவிட்டோம். அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்றுதான் எழுதுகிறேன்.

1. முதலில் எல்லையை முடிவு செய்யுங்கள்

எதை அளப்பது என்பதைவிட 'ஊர்' என்று எதைச் சொல்கிறோம் என்பதுதான் முதல் சிக்கல். நம் மாவட்டத்தில் 95 கிராம ஊராட்சிகள், சுமார் ஐம்பது பேரூராட்சிகள், சில நகராட்சிகள், ஒரு மாநகராட்சி. 2011 கணக்கின்படி நம்மில் 100-க்கு 82 பேர் நகர்ப்புறத்தவர். தென்னந்தோப்புக்கும் ரப்பர் தோட்டத்துக்கும் நடுவில் இருக்கும் ஒரு விளைகூட (சிறு குடியிருப்பு) காகிதத்தில் நகரம்தான். இது ஏன் முக்கியம் என்றால், ஊர் அளவில் வசதிகளைக் கணக்கெடுத்த மத்திய அரசின் மிஷன் அந்த்யோதயா போன்ற தரவுகள் கிராம ஊராட்சிகளுக்கு மட்டும்தான். அதை நம்பி இறங்கினால் மாவட்டத்தின் பெரும்பகுதி உங்கள் வரைபடத்திலேயே வராது.

எல்லைக்கு மூன்று வழிகள் உண்டு.

உள்ளாட்சி வார்டு: அதிகாரிகள் ஒத்துக்கொள்வார்கள், பதில் சொல்ல ஒரு கவுன்சிலர் இருப்பார். ஆனால் 2011 கணக்கெடுப்பின் வார்டுகளும் இப்போதைய வார்டுகளும் ஒன்றல்ல. நடுவில் வார்டு மறுவரையறை நடந்திருக்கிறது. வார்டு எண் ஒன்றாக இருக்கிறதே என்று இரண்டையும் சேர்த்துவிடாதீர்கள். எல்லாக் கணக்கும் அங்கேயே கெட்டுவிடும்.

அங்கன்வாடி எல்லை: 400 முதல் 800 பேருக்கு ஒரு மையம் என்பது விதி. ஒவ்வொரு மையத்துக்கும் இன்னின்ன வீடுகள் என்று கணக்கு இருக்கும். சிறு பிள்ளைகளுக்கு இதைவிடப் பொருத்தமான அலகு வேறு இல்லை என்பது என் கருத்து.

மக்கள் சொல்லும் ஊர்: கடற்கரையின் கத்தோலிக்கப் பங்குகளில் அன்பியம் என்ற அண்டை வீட்டுக் குழு, உள்நாட்டில் விளை, காலனி, தோட்டத் தொழிலாளர் வாழும் எஸ்டேட் லைன், மலையில் காணிக்குடியிருப்பு. உண்மையான வாழ்க்கை இதில்தான் நடக்கிறது. கத்தோலிக்கப் பங்குகளில் குடும்பப் பதிவேடு இருப்பதால் வீடுகளின் எண்ணிக்கையைச் சரிபார்க்கவும் உதவும்.

அங்கன்வாடி எல்லையை அலகாக எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றும் எந்த வார்டில் வருகிறது, மக்கள் அதை என்ன பெயரில் சொல்கிறார்கள் என்று பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள். முதல் தடவை 15 முதல் 20 ஊர்கள் போதும். ஆனால் அவை ஒரே மாதிரி இருக்கக் கூடாது. கடற்கரை, நஞ்சை, மலையோரம், நகரம் நான்கும் வர வேண்டும். அரசுப் பட்டியலில் எளிதாக விடுபடும் இடங்களைக் கட்டாயம் சேருங்கள்: பழவிளை, கோழிவிளை, ஞாறான்விளை, பெருமாள்புரம் ஆகிய இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்கள், ஆரல்வாய்மொழிப் பக்கத்துச் செங்கல் சூளைகள், ரப்பர் எஸ்டேட் லைன்கள்.

2. எதை அளப்பது

ஒரு கோட்டைத் தெளிவாகப் போட்டுக்கொள்ளுங்கள். பிள்ளை எப்படி இருக்கிறது என்பது ஒன்று, பிள்ளைக்கு ஊர் என்ன தருகிறது என்பது வேறொன்று. எடை, மதிப்பெண், இடைநிற்றல் எல்லாம் முதல் வகை. நாம் அளப்பது இரண்டாம் வகை. இரண்டையும் கலந்தால், குறை பிள்ளையிடமும் பெற்றோரிடமும் இருப்பதுபோல் அறிக்கை பேச ஆரம்பித்துவிடும்.

12 முதல் 15 அளவைகளுக்கு மேல் போகாதீர்கள். எங்களுக்குக் கடைசியில் நின்றவை இவை:

கல்வி: அங்கன்வாடிக்கு நடைதூரம், அந்த மையத்துக்குச் சொந்தக் கட்டடமா வாடகையா, தொடக்கப் பள்ளிக்கும் நடுநிலைப் பள்ளிக்கும் நடைதூரம், வகுப்புக்கு ஓர் ஆசிரியர் உண்டா, காலை உணவு உண்டா, நூலகம் (எவ்வளவு தூரம், வாரத்தில் எத்தனை நாள் திறக்கிறது).

உடல்நலமும் சுற்றுப்புறமும்: துணை சுகாதார நிலையம், குழந்தை மருத்துவர் இருக்கும் அரசு மருத்துவமனைக்குப் பேருந்தில் ஆகும் நேரம், குடிநீர் வாரத்தில் எத்தனை நாள் வருகிறது, விளையாட இடம், மழையிலோ கடலேற்றத்திலோ வழி அடைபடுகிறதா.

வீடும் வருமானமும்: வீட்டில் கழிப்பறை, பட்டா, ஆண்டு முழுவதும் வேலை உள்ள பெரியவர் ஒருவராவது இருக்கிறாரா, காலை ஏழு மணிக்கு முன் அம்மா வேலைக்குப் போய்விடும் வீடுகள் எத்தனை.

கடைசியில் சொன்னது வெளியூர்ப் பட்டியல் எதிலும் வராது. முந்திரி ஆலைக்கும் ரப்பர் பால்வெட்டுக்கும் போகும் பெண்கள் உள்ள ஊர்களில், பிள்ளையை அங்கன்வாடியில் கொண்டு விட ஆள் உண்டா என்பதை இந்த ஒரு கேள்வி சொல்லிவிடும்.

தூரத்துக்கு ஒரு சட்ட அளவுகோலும் கையில் இருக்கிறது. கல்வி உரிமைச் சட்டத்தின் தமிழ்நாட்டு விதிகளின்படி ஐந்தாம் வகுப்பு வரை 1 கிலோமீட்டருக்குள்ளும், எட்டாம் வகுப்பு வரை 3 கிலோமீட்டருக்குள்ளும் பள்ளி இருக்க வேண்டும்.

3. காசில்லாமல் கிடைக்கும் தரவுகளை எடுத்து வையுங்கள்

மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இணையதளத்தில் மாவட்டக் கையேடும், கிராம வாரி, வார்டு வாரிப் பட்டியல்களும் இலவசம். 0–6 வயதுப் பிள்ளைகளின் எண்ணிக்கை, கழிப்பறை, குடிநீர் எல்லாம் அதில் உண்டு. 2011-க்குப் பிறகு புதிது எதுவும் வரவில்லை. அடுத்த மக்கள்தொகைப் பதிவு 2027 பிப்ரவரியில். அதுவரை பழைய எண்களைப் பின்னணியாக மட்டும் வையுங்கள், மதிப்பெண்ணில் சேர்க்காதீர்கள்.

தேசியக் குடும்பநல ஆய்வு மாவட்டத்தோடு நின்றுவிடும். ஊர் அளவில் பயன்படாது.

பள்ளி விவரங்களுக்கான மத்திய அரசின் யூடைஸ் பிளஸ் தளத்தில் ஒவ்வொரு பள்ளிக்கும் 11 இலக்க எண்ணும் அறிக்கை அட்டையும் உண்டு. மாணவர், ஆசிரியர், வகுப்பறை, கழிப்பறை, தண்ணீர் எல்லாம் இருக்கும். இங்கே ஒரு பெரிய பொறி இருக்கிறது. நம் மாவட்டத்தில் பாதிப் பிள்ளைகள் வேனில் ஏறி வெளியூர்ப் பள்ளிக்குப் போகிறார்களோ என்று நினைக்கும்படி பல அரசுத் தொடக்கப் பள்ளிகளில் எண்ணிக்கை குறைந்துவிட்டது. 12 பிள்ளைகள், 2 ஆசிரியர்கள் என்றால் ஆசிரியர் ஒருவருக்கு 6 பிள்ளைகள். சட்டம் கேட்பது 30-க்கு ஒருவர். காகிதத்தில் அந்தப் பள்ளிதான் மாவட்டத்திலேயே சிறந்தது. உள்ளே போய்ப் பார்த்தால் ஐந்து வகுப்பும் ஒரே அறையில், ஓர் ஆசிரியர் கூட்டத்துக்கோ பயிற்சிக்கோ போயிருப்பார். அதனால் விகிதத்தை எடுக்காதீர்கள். வகுப்புக்கு ஓர் ஆசிரியர் உண்டா என்று மட்டும் எடுங்கள்.

இன்னொன்று, கல்வி உரிமைச் சட்டப்படி தனியார் பள்ளிகளில் ஏழைப் பிள்ளைகளுக்கான 25 சதவீத இடஒதுக்கீட்டை ஒரு வாய்ப்பாகக் கணக்கில் சேர்க்க நினைப்பீர்கள். 2014 உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு சிறுபான்மைப் பள்ளிகளுக்கு அது பொருந்தாது. சிறுபான்மை நிர்வாகப் பள்ளிகள் நிறைந்த நம் மாவட்டத்தில் பக்கத்தில் ஒரு தனியார் பள்ளி இருப்பதால் மட்டும் ஏழைப் பிள்ளைக்கு இடம் இருப்பதாக எண்ணக் கூடாது.

காலை உணவுக்கும் தளத்தை நம்ப வேண்டாம். அரசு உதவி பெறும் பள்ளிகளுக்கு 2024-லும் 2025-லும்தான் அது விரிந்தது. பள்ளியில் நேரில் கேளுங்கள்.

4. தகவல் உரிமை மனு

இதற்குத்தான் அதிக நாள் பிடிக்கும், எனவே முதல் வாரமே போட்டுவிடுங்கள்.

செலவு: மனுவுக்கு 10 ரூபாய், நீதிமன்ற வில்லையாக ஒட்டலாம். நகல் பக்கத்துக்கு 2 ரூபாய். வறுமைக்கோட்டுக்குக் கீழ் உள்ளவர் மனு செய்தால், சான்று இணைத்தால் போதும், கட்டணம் இல்லை. எதற்காகக் கேட்கிறீர்கள் என்று சொல்லத் தேவையில்லை, சட்டத்தின் 6(2) பிரிவே அதைச் சொல்கிறது.

காலம்: 30 நாள். பதில் வராவிட்டால் அல்லது அரைகுறையாக வந்தால் அடுத்த 30 நாளுக்குள் அதே துறையின் மேல்முறையீட்டு அலுவலரிடம் முதல் மேல்முறையீடு. இதற்குக் கட்டணம் இல்லை. அதன்பின் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம். ஆணையம் வரை போனால் அந்த ஆண்டுக்குள் முடியும் என்று கணக்குப் போடாதீர்கள்.

யாருக்கு: அங்கன்வாடிக்கு ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகளின் மாவட்டத் திட்ட அலுவலகம், துணை சுகாதார நிலையங்களுக்கு மாவட்ட சுகாதார அலுவலர், பள்ளிகளுக்கு மாவட்டக் கல்வி அலுவலர், குடிநீருக்குப் பேரூராட்சி செயல் அலுவலர் அல்லது வட்டார வளர்ச்சி அலுவலர். ஒரே மனுவில் எல்லாரையும் சேர்க்காதீர்கள்.

கேள்வியை எழுதும் விதத்தில்தான் பதில் இருக்கிறது. "எங்கள் பகுதியில் அங்கன்வாடி ஏன் போதவில்லை?" என்று கேட்டால், கருத்துக் கேட்கிறீர்கள், தகவல் அல்ல என்று திருப்பிவிடுவார்கள். எங்களுக்கு ஓர் அலுவலகத்திலிருந்து அப்படித்தான் வந்தது. இப்படிக் கேளுங்கள்: "கிள்ளியூர் வட்டாரத்தில் உள்ள அங்கன்வாடி மையங்களின் பெயர், முகவரி, சொந்தக் கட்டடமா வாடகையா, அனுமதிக்கப்பட்ட பணியாளர், உதவியாளர் பணியிடங்கள், காலியிடங்கள், கடந்த மார்ச் 31 அன்று பதிவில் இருந்த 0–6 வயதுக் குழந்தைகளின் எண்ணிக்கை ஆகியவற்றின் பட்டியல் நகல்." பதிவேட்டில் ஏற்கெனவே இருப்பதைத்தான் அவர்கள் தர வேண்டும். எனவே பதிவேட்டின் தலைப்புகளையே கேள்வியாக எழுதுவது நல்லது.

பட்டியலாக இல்லை, தொகுத்துத் தர முடியாது என்று பதில் வந்தால், கோப்பை நேரில் பார்வையிட அனுமதி கேளுங்கள். முதல் ஒரு மணி நேரத்துக்குக் கட்டணம் கிடையாது. ஓர் எழுத்தர் உங்களைத் தன் மேசைப் பக்கம் உட்கார வைத்துப் பதிவேட்டைத் திறந்துவிட்டால், தபாலில் வருவதைவிட நல்ல தகவல் கிடைக்கும்.

விரைவு அஞ்சலில் அனுப்பி ரசீதை மனுவின் நகலோடு பின் செய்து வையுங்கள். மேல்முறையீட்டுக்கு அந்தத் தேதிதான் ஆதாரம்.

5. அனுமதிக் கடிதங்கள்

மனு ஓடிக்கொண்டிருக்கும்போதே இதையும் தொடங்குங்கள். பள்ளிக்குள் போக முதன்மைக் கல்வி அலுவலரின் கடிதம், அங்கன்வாடிக்குக் குழந்தைகள் வளர்ச்சித் திட்ட அலுவலரின் கடிதம், காணிக்குடியிருப்புகளுக்கு வனத்துறை அனுமதி, முகாம்களுக்கு மாவட்ட ஆட்சியர் அலுவலக அனுமதி. கல்லூரியோ பதிவு பெற்ற அமைப்போ தரும் அறிமுகக் கடிதம், வினாப்பட்டியல், குழுவினரின் அடையாள அட்டை நகல் மூன்றும் இணைக்க வேண்டும். கடற்கரையில் பங்குத்தந்தையிடமும் பங்குப் பேரவையிடமும், மற்ற ஊர்களில் ஊர்க் கமிட்டி, சபை, ஜமாத் பெரியவர்களிடமும் போய்ச் சொல்லிவிடுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அறிவிப்பு வாசித்துவிட்டால் கதவுகள் தானாகத் திறக்கும்.

பிள்ளைகளின் பெயர், ஆதார் எண், புகைப்படம் எதுவும் எடுக்காதீர்கள். பெற்றோரிடம் ஒப்புதல் கேட்டு, வயதை மட்டும் குறியுங்கள்.

6. நடந்து அளப்பது

வரைபடத்தில் நேர்கோடு போட்டுத் தூரம் எடுப்பதை விட்டுவிடுங்கள். இரயுமன்துறைக்கும் தேங்காப்பட்டணத்துக்கும் நடுவில் குழித்துறைத் தாமிரபரணியின் கழிமுகம். கண்ணுக்கு எதிரே தெரியும் கரைக்குச் சாலையில் சுற்றிப் போனால்தான் தூரம் புரியும். கால்வாய், ரயில் பாதை, நான்குவழிச் சாலை எல்லாம் இதே வேலையைச் செய்கின்றன.

அங்கன்வாடி நேரத்துக்குப் பிள்ளையைக் கூட்டிப் போகும் ஒருவரோடு சேர்ந்து நடங்கள். ஒரு பாட்டி தன் பேத்தியை மெயின் ரோட்டுக்கு அந்தப் பக்கம் கூட்டிப் போனதைப் பார்த்தோம். ஓடையின் மேல் போட்ட சிலாபில் பிள்ளையை முன்னால் விட்டு, பாவாடையைப் பின்னால் பிடித்துக்கொண்டார். ரோட்டோரத்தில் வந்ததும் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு டிப்பர் லாரிகள் போய்த் தீரும்வரை நின்றார். செல்போனில் 600 மீட்டர் என்று காட்டியது. மழை பெய்தால் கூட்டிப் போவதில்லை என்றார். வினாப்பட்டியலில் தூரத்தோடு 'வாகனச் சாலையைக் கடக்க வேண்டுமா', 'மழை நாளில் போக முடியுமா' என்ற இரண்டு கேள்விகள் வந்தது அதற்குப் பிறகுதான்.

குடிநீருக்கும் இப்படித்தான். "குழாய் இணைப்பு உண்டா?" என்று கேட்டால் எல்லா வீட்டிலும் உண்டு. ஓர் அம்மா, "பைப்பு உண்டு மக்களே, தண்ணி வந்தாத்தான் உண்டு" என்றார். போன வாரம் எத்தனை நாள் வந்தது என்று கேளுங்கள்.

எப்போது போவது என்பதைத் தொழிலை வைத்து முடிவு செய்யுங்கள். குமரியின் மேற்குக் கரையில் விசைப்படகுத் தடைக்காலம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. தூத்தூர், வள்ளவிளை, நீரோடிப் பக்கம் ஆழ்கடலுக்குப் போகிறவர்கள் வீட்டில் இருப்பது அப்போதுதான். கடலேற்றம் கடுமையாக இருக்கும் காலமும் அதுவே என்பதால் வழி அடைபடுவதையும் நேரில் பார்க்கலாம். சின்னமுட்டம் கிழக்குக் கரைக் கணக்கில் வருவதால் அங்கே ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. ரப்பர் பகுதிகளுக்கு இலையுதிரும் பிப்ரவரி, மார்ச் நல்லது. மற்ற மாதங்களில் என்றால் மதியத்துக்குப் பிறகு போங்கள், பால்வெட்டுக்காரர்கள் விடியுமுன்பே கிளம்பிவிடுவார்கள். ஏப்ரல் கடைசியும் மே மாதமும் பள்ளி பார்க்க உதவாது. அக்டோபர், நவம்பர் மழையில் மலைப்பக்கம் போகாதீர்கள்.

ஓர் ஊருக்கு 30 வீடுகள் போதும். பிள்ளை உள்ள வீடுகளை மட்டும் எடுங்கள். பட்டியலில் எத்தனையாவது வீடு என்று முன்பே எண் போட்டுக்கொண்டு போங்கள். ரோட்டோரத்து வீடுகளிலேயே கேட்டு முடித்தால் உள்ளே இருப்பவர்களின் நிலை தெரியாமலே போகும்.

கோபோ டூல்பாக்ஸ் என்ற இலவசச் செயலியில் தமிழிலேயே வினாக்களைப் போட்டு, சிக்னல் இல்லாத இடத்திலும் பதியலாம். பேச்சிப்பாறைப் பக்கம் இது இல்லாமல் நடக்காது. செலவு பெரும்பாலும் சாப்பாடும் பயணமும்தான். சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை, அதனால் குழுவில் பெண்கள் அதிகம் இருந்தால் செலவு நன்றாகக் குறையும். வீடுகளில் அம்மாக்கள் பேசவும் அதுதான் சரி.

7. மதிப்பெண் போடுவது

எக்செல் போதும். வரைபடம் வேண்டுமானால் கியூஜிஐஎஸ் என்ற மென்பொருள் இலவசம்.

ஒவ்வோர் அளவையையும் 0 முதல் 100-க்குள் கொண்டு வாருங்கள். உதாரணத்துக்கு, உங்கள் ஊர்களில் அங்கன்வாடி மிக அருகில் இருப்பது 200 மீட்டரில், மிகத் தொலைவில் இருப்பது 2,400 மீட்டரில் என்று வைத்துக்கொள்வோம். 1,300 மீட்டர் உள்ள ஊருக்கு, 2,400-லிருந்து 1,300-ஐக் கழித்தால் 1,100. அதை 2,200-ஆல் வகுத்து 100-ஆல் பெருக்கினால் 50. எல்லா அளவையும் 'அதிகம் என்றால் நல்லது' என்ற திசையில் இருக்க வேண்டும். தலைப்புக்குள் சராசரி எடுங்கள், பிறகு மூன்று தலைப்புகளுக்கும் சராசரி.

அமெரிக்கக் குறியீட்டில் ஒவ்வோர் அளவைக்கும் எடை வேறு. பிள்ளைகள் பெரியவர்களான பிறகு எப்படி வாழ்கிறார்கள் என்ற தரவை வைத்து அந்த எடையைப் போடுகிறார்கள். நம்மிடம் அந்தத் தரவு இல்லாததால் சம எடைதான் நேர்மையானது. அப்புறம் ஒரு சோதனை செய்யுங்கள். ஒரு தலைப்புக்கு இருமடங்கு எடை கொடுத்துத் திரும்பக் கணக்கிடுங்கள். மூன்று தலைப்புக்கும் மாறி மாறிச் செய்த பிறகும் கடைசி ஐந்தில் நிற்கும் ஊர்களைப் பற்றித் தைரியமாகப் பேசலாம். இடம் மாறிக்கொண்டே இருக்கும் ஊர்களை வரிசைப்படுத்தி எழுதாதீர்கள்.

ஒன்பது பிள்ளைகள் உள்ள குடியிருப்பில் சதவீதம் போடாதீர்கள், எண்ணிக்கையாக எழுதுங்கள். ஐந்துக்குக் குறைவாக இருந்தால் அதையும் வெளியிடாதீர்கள். யார் வீட்டுப் பிள்ளை என்று ஊரில் எல்லாருக்கும் தெரிந்துவிடும்.

8. யாரிடம் கொண்டு போவது

மொத்த அறிக்கையை யாரும் படிக்க மாட்டார்கள். ஊருக்கு ஒரு பக்கம். மேலே மூன்று மதிப்பெண், கீழே மிக மோசமான இரண்டு அளவைகள், அதற்குப் பொறுப்பான அலுவலகத்தின் பெயர், கேட்கும் ஒரே கோரிக்கை.

வெளியிடுவதற்கு முன் அந்தப் பக்கத்தை அந்தந்த ஊரில் வாசித்துக் காட்டுங்கள். அங்கன்வாடிப் பணியாளரையும் பள்ளி மேலாண்மைக் குழுப் பெற்றோரையும் கட்டாயம் கூப்பிடுங்கள். குறை அவர்கள் மேல் போடப்படுகிறது என்று நினைத்துவிட்டால் அடுத்த தடவை எந்தத் தகவலும் வராது. எங்கள் ஊரைக் கடைசி ஊர் என்று எழுதிவிட்டீர்களே என்ற வருத்தமும் வரும், அது நியாயமான வருத்தம். அதனால் வெளியே போகும் தாளில் தரவரிசை எண் வேண்டாம். என்ன இல்லை என்பதை மட்டும் எழுதுங்கள்.

கிராம ஊராட்சி என்றால் கிராம சபை ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கூடும். தீர்மானமாகப் பதிவு செய்யச் சொல்லி நகல் கேளுங்கள். பேரூராட்சி, நகராட்சி, மாநகராட்சி என்றால் வார்டு கவுன்சிலரிடம் எழுத்தாகக் கொடுத்து, பகுதி சபையில் வைக்கச் சொல்லுங்கள். இரண்டிலும் நகரவில்லை என்றால் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலக மக்கள் குறைதீர்க்கும் நாளில் மனு. ஊர்ப் பக்கம், தகவல் உரிமைப் பதிலின் நகல், நடைவழியின் இரண்டு படங்கள் மூன்றையும் இணையுங்கள். படத்தில் பிள்ளைகளின் முகம் வரக் கூடாது. மனு எண் உள்ள ஒப்புகைச் சீட்டை வாங்காமல் வராதீர்கள். பிறகு ஒவ்வொரு தடவையும் அந்த எண்ணைச் சொல்லித்தான் கேட்க வேண்டியிருக்கும்.